ஒரு நீல ஓடுகூட இல்லை

“மண்ணு கலந்திருக்கும்மா,” என்றார் பேராசிரியர், நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்காமலே.

“எந்த மண்ணு சார்?” என்றாள் சித்தி.

“முந்தின பை மண்ணு, களிமண்ணுக்கு மேலேர்ந்து எடுத்தது. விண்கல் விழுந்தப்போ படிஞ்ச களிமண்ணுக்கு ஒரு சாண் கீழயே இந்தப் பொடிக் கடல் உயிரிகளோட ஓடெல்லாம் இப்படிச் சிறுத்திருக்காது. அதுவரைக்கும் நல்லா இருந்துட்டு, கல் விழுந்ததும் டைனோசரோட சேர்ந்து ஒரேயடியா போயிருக்கணும்.”

“கலந்திருந்தா நீலமா இருக்குமே சார்.”

ஒவ்வொரு பை மண்ணையும் கழுவியதும் சித்தி சல்லடையை நீலச் சாயத்தில் முக்கி எடுப்பாள். பழைய ஓடு ஏதாவது ஒட்டியிருந்தால் நீலம் ஏறி, அடுத்த தட்டில் மாட்டிக்கொள்ளும்.

“தேடிப் பாருங்க. ஒண்ணு கிடைச்சாலும் இருபத்தாறு வருஷமா நான் கழுவினதெல்லாம் தப்புன்னு எழுதிக்குங்க.”

சித்தியை வீட்டுக்கு அழைத்துப்போக வந்து கதவோரம் நின்றிருந்த அக்கா மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். சித்தியோ சாவகாசமாக அடுத்த பையை ஊறவைத்தாள். ஒரு மணி நேரம் போயிற்று.

“இல்லம்மா,” என்றார் அவர்.

“எது சார் இல்ல?”

“நீலம்.”

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் சித்தி. அந்த ஆய்வுக்கூடத்தில் தரை துடைக்கச் சேர்ந்தாள். கடுகில் கால்வாசிகூட இல்லாத ஓட்டை ஈரத் தூரிகை நுனியால் தொட்டெடுத்து அட்டையில் ஒட்டும் வேலை, கை நடுங்காதவள் என்பதால் அவளுக்கு வந்தது. “டைனோசர் போன வழி தெரியும், என் மூக்குக்கண்ணாடி போன வழி தெரியாது,” என்பார் சித்தப்பா. “ஆறரைக் கோடி வருஷம் கழிச்சுக் கேளுங்க, சொல்றேன்,” என்பாள் சித்தி.

மறு வருடம் பேராசிரியரின் கட்டுரை வந்தது, சித்திக்குத் தெரியாத மொழியில். நன்றி சொல்லும் இடத்தில் முதல் பெயர் சித்தியுடையது. இரண்டு மொழியும் படித்த அக்கா மகள் சமையலறையில் உட்கார்ந்து வாய்விட்டு மொழிபெயர்த்தாள். பெருமையில் குரல் தானாக ஏறியது. “கல் விழறதுக்கு முன்னாடியே கடல் நலிஞ்சிருந்தது. அப்போ வெடிச்ச எரிமலைங்களோட புகைதான் காரணம்.”

“அப்போ கொலைகாரனைப் பிடிச்சது நம்ம வீட்டு ஆளுதான்,” என்றார் சித்தப்பா.

சித்தி சிரிக்கவில்லை. “அப்படியேவா போட்டிருக்கார்?”

அக்கா மகள் அந்த வரியை மறுபடி பார்த்தாள். “புகை காரணமா இருக்கலாம்னு... கல்லும் சேர்ந்திருக்கலாம், இன்னும் பார்க்கணும்னு.”

“அதை ஏன்டி முழுங்கினே? என் தட்டுல ஓடு சிறுத்திருந்துச்சு, எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அவர் சந்தேகமா சொன்னதைச் சந்தேகமாவே சொல்லு. முதல்லேர்ந்து படி.”