யார் வீட்டுக் கல்யாணம்?

தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. எங்கள் ஸ்ரீவைகுண்டத்தில் பத்திரிகை வைப்பவரிடம் "நீங்க யாரு?" என்று கேட்டால், சொந்தத்தையே மறந்துவிட்டதாகக் கோபித்துக்கொள்வார்கள். அதனால் கேட்காமலே திறந்தேன். ஏதோ செயலியை ஏற்றச் சொன்னது. அதற்கும் சரியென்று அழுத்தினேன். பத்திரிகையைக் காணோம்.

மறுநாள் மதினி அழுதுகொண்டே போனில் பேசினார். என் எண்ணிலிருந்து அதே பத்திரிகை எல்லோருக்கும் போயிருந்தது. மதினி அதைத் திறந்து அது கேட்ட செயலியையும் ஏற்றியதும், பேத்தியின் காதுகுத்துக்காக வங்கியில் போட்டிருந்த பணம் முழுவதும் பறிபோய்விட்டது.

"ஏட்டி, நீ அனுப்புனதுன்னுல்லா தொறந்தேன்" என்றார்.

கூனிக்குறுகிப் போனேன். இப்போது யார் பத்திரிகை அனுப்பினாலும் அவரிடமே போனில் விசாரிக்காமல் தொடுவதில்லை. கோபிப்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். மதினி மட்டும் இன்னும் என்னைக் கோபிக்கவே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.