பஸ்ஸில் திருத்திய பதில் நோட்டீஸ்

எங்கள் ஜெபத்தில் பாட்டு கிடையாது, பாஸ்டர் கிடையாது, ஞானஸ்நானமும் கிடையாது. ஒன்பது பேர் ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் ஒரு லேத் பட்டறை மாடியில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்காருவோம். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் வழி. யாருக்காவது உள்ளே ஏதாவது தோன்றினால் எழுந்து சொல்லலாம். எனக்குப் பெரும்பாலும் கோபம்தான் தோன்றும்.

பக்கத்துத் தெரு சபையின் பாஸ்டர் எங்களைத் தாக்கி நோட்டீஸ் போட்டார். 'ஊமைச் சபை, ஏமாறாதீர்' என்று தலைப்பு. அதைப் படித்துவிட்டு மாடிக்குச் சொந்தக்கார அம்மா, "பேசாம உக்காந்து இன்னா மந்திரம் பண்றீங்க? மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க" என்றார். எங்களுக்கு வேறு இடம் இல்லை.

ஆதிக் குவேக்கர்கள் இங்கிலாந்தில் தங்களைத் திட்டிய பிரசுரங்களுக்குச் சளைக்காமல் பதில் அச்சடித்தவர்கள். நானும் நான்கு பக்கம் எழுதினேன். பாஸ்டரின் ஒவ்வொரு வரியையும் போட்டு, அதன் கீழே பதில். ஆனால் எங்களில் ஒருவர் தலையாட்டாவிட்டாலும் எதுவும் அச்சுக்குப் போகாது. எங்களோடு உட்காரும் நர்ஸ் அக்கா கேட்டார்:

"இத அந்த ஆள் மூஞ்சிக்கு நேரா படிப்பியா?"

"படிப்பன்!"

"படிச்சிட்டு வா. அப்பறம் தலையாட்டறன்."

பாஸ்டருக்கும் வார நாட்களில் என் கம்பெனியில்தான் வேலை. ஒரே ஷிப்ட், ஒரே பஸ். மறுநாள் பாகலூர் ரோட்டு நெரிசலில் பஸ் நின்றபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். 'பொய்யன்' என்று எழுதிய இடத்தில் என் குரல் இறங்கிவிட்டது. அவர் பேப்பரைப் பிடுங்கினார்.

"இந்த வசனம் யோவான்ல இல்லய்யா, மத்தேயுல இருக்குது. எனக்குப் பதில் எழுதறவன் தப்பா எழுதினா எனக்குத்தான்யா கேவலம்." பேனா எடுத்துத் திருத்தினார். "இன்னா இவ்ளோ அவசரம்?"

"உங்க நோட்டீஸப் பாத்துட்டு, மந்திரம் பண்றோம்னு ரூம காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

அவர் முகம் மாறியது. "உங்க உபதேசம் தப்புன்னுதான எழுதினன்? காலி பண்ணச் சொல்லி எழுதலயே!"

அன்று மாலையே என்னோடு பட்டறைக்கு வந்து அந்த அம்மாவிடம் சொன்னார்: "இவுங்க நம்பறது பூரா தப்புங்கம்மா. ஆனா மந்திரமெல்லாம் ஒண்ணும் இல்ல. இந்த ஆள் அஞ்சு வருசமா எங்கூட பஸ்ல வர்றார். ஒரு பொய் சொன்னதில்ல. வாய்க்கொழுப்புதான் ஜாஸ்தி."

அந்த அம்மா சிரித்துவிட்டார். "சரி, இருந்துட்டுப் போங்க."

'பொய்யன்' என்ற சொல்லை நானே அடித்தேன். நர்ஸ் அக்கா தலையாட்டினார். நோட்டீஸ் அச்சாகி வந்தது.

அடுத்த வாரம் பஸ்ஸில் பாஸ்டர் கையால் எழுதிய இரண்டு பக்கத்தை நீட்டினார். "உங்களுக்கு மறுப்பு. இன்னும் அச்சுக்குப் போகல."

படிக்கப் படிக்கக் கொதித்தது. அத்தனையும் அபத்தம்.

"மூணாவது பத்தியில வசனம் தப்பு" என்றேன்.

"எங்க?" என்று பேனாவைக் கொடுத்தார்.