பாஸ்கல் வளர்த்த கரி

ஊரில் ஒருத்தன் கோழி வளர்ப்பான், ஒருத்தன் ஆடு வளர்ப்பான். மரக்காணத்து உப்பள முதலாளி வெங்கடாசலத்தின் டிரைவர் பாஸ்கல் கரி வளர்த்தான். சிரிக்காதீர்கள். முதலாளியின் அம்பாசிடர் எஞ்சினுக்குள்ளே, பெட்ரோலும் காற்றும் நுழைகிற வால்வுகளின் முதுகில், யார் கண்ணிலும் படாமல் பார்த்துப் பார்த்து வளர்த்தான். அந்தத் தலையெழுத்து அவனுக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அவனைத் திட்டுவதா, அவனுக்காக அழுவதா என்று அப்புறம் நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

பாஸ்கல் முதலில் உப்பு லாரிதான் ஓட்டினான். திண்டிவனம் ரோட்டில் ஒரு சைக்கிள்காரர் அந்த லாரியில் மோதி விழுந்து அவருக்குக் கால் போனது. தப்பு யார் பேரில் என்று கடைசிவரை தெளிவாகவில்லை. லாரி வெங்கடாசலத்தினுடையது. வக்கீல் வைத்து, ஆள் அனுப்பிப் பேசி, வழக்கை முடித்து, பாஸ்கலைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்து, "லாரி வேணாம்டா உனக்கு. இனிமே என் வண்டிய ஓட்டு" என்று சாவியைக் கையில் கொடுத்தவரும் அவர்தான். அதற்குப் பிறகு அந்த விஷயத்தை அவர் வாய் திறந்து பேசியதே இல்லை. சொல்லிக் காட்டியிருந்தாலாவது பாஸ்கல் ஒருநாள் ரோஷம் வந்து சாவியை வீசிவிட்டுப் போயிருப்பான். பேசாத மனுஷனோடு என்னவென்று சண்டை போடுவது?

கார் ஷெட்டை ஒட்டி ஓர் அறை, அதில் ஒரு கயிற்றுக் கட்டில், அவ்வளவுதான் அவன் குடித்தனம். மனைவி லூர்துமேரி, பாண்டிச்சேரிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற பெரிய முதலியார்சாவடியில் தன் அம்மா வீட்டில், மகள் லீமாவோடு இருந்தாள். கன்னியாஸ்திரீகள் நடத்துகிற தையல்கூடத்தில் எம்பிராய்டரி வேலை. பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம்தான். ஆனால் முதலாளியம்மா சாமுண்டீஸ்வரிக்கு இழுப்பு நோய். மூச்சு எப்போது அடைக்கும் என்று அந்த அம்மாவுக்கே தெரியாது. அடைத்தால் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் பறக்க வேண்டும், வண்டி ஓட்ட வேறு ஆள் கிடையாது.

லீவு கேட்டால் வெங்கடாசலம் முடியாது என்று சொல்லவே மாட்டார். கொடுமையே அதுதான்.

"போய்ட்டு வாடா. புள்ளகுட்டிக்காரன், போவத்தான் வேணும். ஆனா நீ அந்தாண்ட போன நேரத்துல அவளுக்கு மூச்சு முட்டிச்சின்னா நா யாரக் கூப்புடறது? நீயே சொல்லு."

பாஸ்கல் தலையைச் சொறிவான். "வேணாங்க முதலாளி, அப்பறம் பாத்துக்கறேன்" என்று அவன் வாயே சொல்லிவிடும். வெளியே வந்ததும் தன் வாயில் தானே நாலு போட்டுக்கொள்ளலாம் போல ஆத்திரம் வரும். அவர் இல்லை என்று சொல்லித் தொலைத்திருந்தால் மனசு ஆறியிருக்குமே!

அவனுக்கு ஒரே ஒரு கதவுதான் திறந்திருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை எஞ்சின் மக்கர் பண்ணும். கரி எடுக்க வண்டி பாண்டிச்சேரிக்கு, முத்தியால்பேட்டையில் இருக்கிற தட்சணாமூர்த்தி மேஸ்திரியின் பட்டறைக்குப் போகும். எஞ்சின் ஹெட்டை இறக்கிப் பிரித்து, கரியைச் சுரண்டி, வால்வைத் தேய்த்து மாட்ட மூணு நாலு நாளாகும். அந்த நாட்களில் மட்டும் முதலாளியம்மா முனகிக்கொண்டே திண்டிவனத்தில் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் தன் அக்கா வீட்டில் போய் இருப்பார். "நீ வண்டி கூடவே கெடடா. கண்ணு அசந்தா ஒரிஜினல் சாமான மாத்திடுவானுங்க" என்று முதலாளி பாஸ்கலை அனுப்பிவைப்பார். பகலெல்லாம் சாமானுக்குக் காவல். பட்டறை பூட்டினதும் சாவடிக்கு நடையைக் கட்டிவிடுவான். மடியில் லீமா, பக்கத்தில் மீன்குழம்போடு மேரி. ராஜா மாதிரி இருப்பான் போங்கள்.

ஒரு தடவை மேஸ்திரி அவனைக் கடிந்துகொண்டார். "ஏம்பா, வூட்டுக்கும் அளத்துக்குமே உருட்டினு இருந்தா கரி புடிக்காம இன்னா பண்ணும்? எஞ்சின் சூடே ஆவறதில்ல. சும்மா ஐட்லிங்ல போட்டு வெக்காத, ஆயில் எறங்கி வால்வு மேல ஒக்காந்துக்கும். சோக்க இழுத்து வெச்சினு ஓட்டாத."

வேறு டிரைவராக இருந்தால் இதைப் புத்திமதியாக எடுத்துக்கொண்டிருப்பான். நம்ம ஆள் இதைக் கரி வளர்க்கிற பக்குவமாக எடுத்துக்கொண்டான். அடுத்த நாளே ஆரம்பித்துவிட்டான். முதலாளி வரப்பில் இறங்கி உப்புக் குவியலைப் பார்க்கிற நேரமெல்லாம் எஞ்சினை நிறுத்தாமல் ஓடவிட்டான். பெட்ரோலைக் கூட்டிவிடுகிற சோக்கைப் பாதி இழுத்தே வைத்தான். ஆமை வேகத்தில் போகும்போதும் டாப் கியரைப் போட்டான். வயிறு எரியத்தான் செய்தது. டிரைவர்தானே அவனும், எஞ்சின் திணறினால் தன் நெஞ்சு திணறுகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் மகளைப் பார்க்க வேறு வழி என்ன இருக்கிறது?

அந்த வருஷம் லீமாவுக்குப் புதுநன்மை. கோயிலில் முதன்முதலாக நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்குகிற நாள். வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவத்தி. மே மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று சாமியார் குறித்துவிட்டார்.

"ஒவ்வொரு புள்ளையும் அப்பா கையப் புடிச்சினு கோயிலுக்கு வரும்" என்றாள், இதைக் கேட்கவே ஒருநாள் மகளோடு பஸ் ஏறி ஷெட்டுக்கு வந்திருந்த மேரி. "நீங்க வருவீங்களா மாட்டீங்களா? அத மொதல்ல சொல்லுங்க. புள்ள கேட்டுக்கினே இருக்குது."

"வர்றேன் மேரி. சத்தியமா வர்றேன்" என்று மகள் தலையில் கை வைத்துச் சொன்னான்.

அதனால் அந்த வருஷக் கரி மே மாசத்துக்குப் பழுக்க வேண்டிய கரி. சும்மா சொல்லக் கூடாது, சரியாகவே பழுத்தது. கோடை பிறந்ததும் காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தது. அப்புறம் மேடு ஏறினால் டக்டக்கென்று அடித்தது. ஒருநாள் வீட்டு வாசலில் சாவியைத் திருப்பி வெளியே எடுத்த பிறகும் எஞ்சின் நிற்காமல் துள்ளிக்கொண்டே கிடந்தது. வெங்கடாசலம் பயந்து ஒதுங்கி நின்றார்.

"இன்னாடா இது, சாவிய எடுத்தப்பறமும் ஓடுது?"

"உள்ள கரி கனிஞ்சினு இருக்குதுங்க. ஹெட்ட எறக்கியாவணும். பாண்டிக்கு எடுத்துனு போயிட்றேங்க." பாஸ்கலுக்குக் குரலில் சந்தோஷத்தை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

முதலாளி கொஞ்சம் யோசித்தார். "சீசன் நேரம். நாலு நாள் வண்டி இல்லன்னா அளத்துல வேல கெட்டுடும். மேஸ்திரிய இங்க வரச்சொல்லு. சாமானெல்லாம் பஸ்ல தூக்கினு வரட்டும், ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்."

பாஸ்கல் விடவில்லை. பட்டறையில் செய்கிற மாதிரி இங்கே வராது என்று சொல்லிப் பார்த்தான், தூசி விழும் என்றான், உப்புக்காத்து ஆகாது என்றான். ஒன்றும் எடுபடவில்லை.

தட்சணாமூர்த்தி டூல் பெட்டியோடு வந்து ஷெட்டிலேயே ஹெட்டை இறக்கினார். உள்ளே பார்த்தவர் அப்படியே நிமிர்ந்தார். வால்வுகளின் முதுகில் அடிப்பிடித்த சோற்றுப்பானை மாதிரி கறுப்பு அப்பிக் கிடந்தது.

"போன வருசம் நாந்தானே கண்ணாடி மாதிரி தேச்சி மாட்டனேன்? இது ஒரு வருசத்துக் கரியா? டேய், இன்னாடா பண்ண?"

பாஸ்கல் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். மேஸ்திரி வால்வைக் கெரசினில் ஊறப்போட்டார், கத்தியால் சுரண்டினார், பசை தடவி ரப்பர் குச்சியில் ஒட்டி உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி உருட்டித் தேய்த்தார்.

"அடப்பாவி மனுசா" என்றார் கடைசியில். "வாயத் தொறந்து ஒரு நாள் லீவு வாங்கத் துப்பில்லாம, ஒரு எஞ்சினயே நாசம் பண்ணி வெச்சிருக்கியே! சரி வுடு, நா ஒரு வழி பண்றேன்."

வண்டியை முடித்துக் கொடுக்கும்போது அவர் முதலாளியிடம் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு பேசினார். "வண்டிக்கு ஓட்டம் பத்தலீங்க, அதான் கரி கட்டுது. வாராவாரம் ஞாயித்துக்கெழமை பாண்டி வரைக்கும் வெரட்டினு போய்ட்டு வரணும். போக வர ஒரே மூச்சு. நடுவுல எங்கயும் நிறுத்தக் கூடாது, சூடு ஆறிடும். ஐட்லிங்லயும் வுடக் கூடாது. இல்லாட்டி அடுத்த வருசம் எஞ்சின மறந்துடுங்க."

நிறுத்தக் கூடாது என்பதை அவர் காரத்துக்காகத்தான் சேர்த்தார். வழியில் மீன் வாங்கு, ஆளை ஏற்று என்று முதலாளி வேலை வைத்து, பாவம் பாஸ்கல் சாவடியில் கழிக்கிற நேரத்தைத் தின்றுவிடக் கூடாதே என்ற நல்ல எண்ணம். முதலாளி பக்தியோடு தலையாட்டினார். வருகிற ஞாயிறுதான் புதுநன்மை. பாஸ்கல் மேஸ்திரியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவன் வருகிறான் என்று போகிற வழியில் மேஸ்திரியே சாவடியில் இறங்கி மேரியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பாஸ்கல் குளித்து, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை மாட்டி, வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தினான். வெங்கடாசலம் வெளியே வந்தார். பின்னாலேயே கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு முதலாளியம்மா.

"ஒண்டியா எதுக்குடா போற? கடக்காத்து அவளுக்கு நல்லதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. நாங்களும் வர்றோம்" என்று சொல்லி இரண்டு பேரும் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

என்னத்தைச் சொல்ல! அனுமந்தை தாண்டியது, காலாப்பட்டு தாண்டியது. எஞ்சின் என்னமாய் ஓடியது தெரியுமா? தொட்டால் பறந்தது. பாஸ்கலுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சாவடி நெருங்கியதும் சொல்லிவிட்டான்.

"முதலாளி, இன்னிக்கு எம்பொண்ணுக்குப் புதுநன்மைங்க. தோ, முன்னால வர்ற கோயில்லதான்."

"அடப்பாவி, முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? நிறுத்துடா!" என்றார் வெங்கடாசலம். உடனேயே குரல் இறங்கியது. "ஆனா மேஸ்திரி நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு அவ்ளோ தூரம் சொல்லிட்டுப் போனாரே. எஞ்சின் இப்பதான் சூடேறி வர்ற நேரம். நீதான் வண்டி தெரிஞ்சவன், நீயே சொல்லு."

நிறுத்தினால் ஒரு மண்ணும் ஆகாது என்று பாஸ்கலுக்குத் தெரியும். அதைச் சொன்னால் மேஸ்திரி பொய் சொன்னார் என்று ஆகும். ஏன் சொன்னார் என்ற கேள்வி வரும். சோக் வரும், கரி வரும், எல்லாம் வெளியே வரும். தன்னை ஜெயிலுக்குப் போகாமல் காப்பாற்றிய மனுஷனின் எஞ்சினை வேண்டுமென்றே கெடுத்தவன் என்று எந்த முகத்தோடு சொல்வான்?

"வேணாங்க" என்றான். காலை ஆக்சிலேட்டரில் அழுத்தினான்.

கோயில் வாசலில் வெள்ளை வெள்ளையாகப் பிள்ளைகள், ஒவ்வொன்றின் கையையும் ஓர் அப்பன் பிடித்திருந்தான். லீமா வண்டியைப் பார்த்துவிட்டாள். மெழுகுவத்தியைத் தூக்கிக் காட்டிக்கொண்டு இரண்டடி ஓடி வந்தாள். வண்டி போய்விட்டது.

முத்தியால்பேட்டை முனையில் வண்டியைத் திருப்பும்போது பாஸ்கல் தீர்மானம் செய்துகொண்டான். யாரையும் கேட்கப் போவதில்லை, என்ன ஆனாலும் சரி, திரும்பும்போது நிறுத்துவது என்று. திரும்பி வரும்போது பூசை முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. லீமா மட்டும் ரோட்டோரம் தூசியில், பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பாஸ்கல் பிரேக்கை மிதித்தான்.

"அப்பா, எறங்கு! போட்டோக்காரரு போவாம நிக்கிறாரு. உனக்காகத்தான் நிக்கவெச்சிருக்கேன்."

பாஸ்கல் கதவுப் பிடியில் கை வைத்தான். பின்சீட்டில் முதலாளியம்மா இருமினார். ஒரே ஒரு தடவை. ரோட்டுத் தூசிக்கு யாரும் இருமுகிற இருமல்தான். அவன் கை அவனைக் கேட்காமலே பிடியை விட்டுக் கியருக்குப் போய்விட்டது. இத்தனை வருஷமாக அந்த இருமலுக்குப் பழகின கை.

லூர்துமேரி பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். கியரில் இருந்த கையைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். மகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"வாடி லீமா. டிரைவருக்கு வேல இருக்குது."

அப்பா என்று சொல்லவில்லை, டிரைவர் என்றாள். பாஸ்கல் வண்டியை எடுத்தான். கண்ணாடியில் திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. முதலாளியம்மாவுக்கு ஒன்றுமே ஆகவில்லை. காலாப்பட்டு வருவதற்குள் காற்று சுகமாக இருக்கிறது என்று சொல்லிக் கண்ணை மூடித் தூங்கிவிட்டார்.

அனுமந்தையைத் தாண்டியபோது வெங்கடாசலம் பின்னாலிருந்து முன்சீட்டின் மேல் சாய்ந்து அவன் தோளை அன்பாகத் தட்டினார்.

"தங்கமாட்டம் இருக்குதுடா உம்பொண்ணு. இனிமே வாராவாரம் இந்த வழியாத்தானே வரப்போறோம்? உனக்கும் புள்ளயப் பாத்தா மாதிரி ஆச்சு, வண்டிக்கும் ஆச்சு."

"ஆமாங்க முதலாளி" என்றான் பாஸ்கல்.