நடராசாவின் நகத்து மை

வாக்காளர் இடாப்பில் ஒரு முகவரியில் ஒருவரின் பெயர் இருக்க வேண்டுமானால், அவர் வழக்கமாக அங்கே வசிப்பவராக இருக்க வேண்டும். இலங்கையில் அதுதான் விதி. வேலை பார்த்த காலத்தில் இதைக் கேட்டவர்களுக்கும் விளக்கியிருக்கிறேன், கேட்காதவர்களுக்கும் விளக்கியிருக்கிறேன்.

நேற்று மரக்கறி வாங்கப் போனபோது, கடையில் நின்ற பெண் இடது கைச் சின்னி விரலில் மட்டும் கறுப்புச் சாயம் பூசியிருந்தாள். இப்போது அது நாகரிகமாம். வாங்கிய கத்தரிக்காயை மறந்து அந்த நகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்னைப் பற்றி என்ன நினைத்தாளோ. எனக்கு நடராசாவின் நகம் ஞாபகம் வந்துவிட்டது.

நானும் நடராசாவும் ஒரே வருடம் லண்டன் வந்தவர்கள். அவன் மோர்டனில் குடியேறினான், நான் ஃபாரஸ்ட் கேட்டில். ஞாயிறு பின்னேரம் தவறாமல் இரண்டு ரயில் மாறி எங்கள் வீட்டுக்குத் தேநீர் குடிக்க வருவான். நான் உரிய காலத்தில் உரிய படிவம் நிரப்பிப் பிரித்தானியப் பிரஜையானேன். அவன் ஆகவில்லை. கொள்கையெல்லாம் கிடையாது, வெறும் சோம்பல். படிவத்தை நானே நிரப்பிக் கொடுத்தும் கையெழுத்து வைக்கவில்லை. "பாப்பம் மச்சான், என்ன அவசரம்?" என்பான். ஊரில் அவன் தங்கை வருடா வருடம் வீட்டுக்கு வரும் வாக்காளர் படிவத்தில் அண்ணனின் பெயரையும் பாசத்தில் எழுதி வந்திருக்கிறாள். அவன் சோம்பலும் அவள் பாசமும் சேர்ந்து, எனக்கு இல்லாத வாக்கு அவனுக்கு இருந்தது.

அந்த ஜனாதிபதித் தேர்தலுக்கு விமானம் ஏறிப் போனான். முதல் எண்ணிக்கையில் எவருக்கும் பாதி கிடைக்காமல், சரித்திரத்தில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பு வாக்கை எண்ணினார்களே, அந்தத் தேர்தல்.

என் வயிற்றெரிச்சல் விளங்க வேண்டுமானால் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்துக்கு, போக வேண்டும். அங்கே நான் இளம் எழுதுவினைஞன். முதலாவது ஜனாதிபதித் தேர்தலுக்கு எங்களுக்கு வகுப்பு நடத்தினார்கள். இரண்டாம் விருப்பை எப்படி எண்ணுவது, மூன்றாவதை எப்போது பார்ப்பது என்றெல்லாம் ரோனியோ மை மணக்கும் தாள்களில் இருந்தது. அத்தனையையும் மனப்பாடம் செய்தேன். அந்தத் தேர்தலில் அது தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு வந்த எதிலும் தேவைப்படவில்லை. கடைசியில் தேவைப்பட்ட நாளில் நான் லண்டனில் சோபாவில் இருந்தேன், நடராசா அங்கே வரிசையில் நின்றான்.

திரும்பி வந்த ஞாயிறு, கையை மேசையில் விரித்து வைத்தான். இடது சின்னி விரல் நகத்தடியில், வாக்களித்தவர்களுக்குப் பூசும் மை.

"இரண்டாம் விருப்புப் போட்டனியோ?" என்று கேட்டேன்.

"அதென்ன கோதாரி? ஒரு புள்ளடி போட்டிட்டு வந்திட்டன்."

என் மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சரி, உன்ர ஆள் வெண்டாச்சு. உனக்கென்ன கிடைக்கப்போகுது?"

"ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் போய், ஒருத்தரையும் பிடியாமல் ஒரு அலுவல் முடிக்கவேணும், மச்சான். அது நடந்தால் நான் அங்கயே இருந்திடுவன்."

"நீயோ? மழை தூறினால் கடைக்குப் போகவே உனக்குப் பஞ்சி."

வாரத்துக்கு வாரம் அந்த மை நக நுனியை நோக்கி நகர்ந்தது. அந்த ஒரு நகத்தை மட்டும் அவன் வெட்டவில்லை. கோப்பையைத் தூக்கும்போது அந்த விரலை வேண்டுமென்றே நீட்டுகிறான் என்று எனக்குத் தோன்றும்.

கச்சேரிக்கு வரும் முறைப்பாட்டுக் கடிதங்களை, பெட்டிசங்களை, திறப்பதும் என் வேலையாக இருந்தது. கையெழுத்தில்லாதவை குப்பைக்கூடைக்குப் போகும். கையெழுத்திட்டவற்றை விசாரித்துப் பதில் எழுத வேண்டும். ஆகவே நடராசாவைப் பற்றி ஊர்த் தேர்தல் அலுவலகத்துக்கு நான் எழுதியபோது முழுப்பெயர், முகவரி, கையெழுத்து எல்லாம் வைத்தேன். மேற்படி நடராசா குறித்த முகவரியில் வழக்கமாக வசிப்பவர்தானா என்று அறியத்தரவும். இது முறைப்பாடு அல்ல, விளக்கம் கோரல் என்று மனைவியிடம் சொன்னேன்.

"எரிச்சலுக்கு முத்திரை ஒட்டி அனுப்புறியள்," என்றாள். "அந்த மனுசன்ர பேரை வெட்டிப்போட்டால் என்ன செய்வியள்?"

"விதிப்படி…"

"விதி ஞாயிற்றுக்கிழமை வந்து உங்களோட கதைக்குமோ?"

அனுப்பிவிட்டேன். அனுப்பிய மறுநாளே வெட்கம் பிடித்தது. கொடுத்த பெட்டிசத்தை மீளப் பெற ஒரு நடைமுறை உண்டா என்று தேடினேன். எனக்குத் தெரியாத ஒரே நடைமுறை அதுதான்.

தைப்பொங்கலுக்கு இரண்டு கிழமை என்று சொல்லி நடராசா தங்கையிடம் போனான். பிறகு இன்னும் இரண்டு கிழமை என்றான். பிறகு கிணற்றுக்கு மோட்டர் பூட்டுகிறேன் என்றான். அவன் தொலைபேசி எடுக்கும்போதெல்லாம், பெயரை வெட்டிவிட்டார்கள் என்று சொல்லப்போகிறான் எனப் பயப்படுவேன். அவன் மிளகாய்க் கன்றுகளைப் பற்றிப் பேசுவான்.

பதில் நல்ல தமிழில், ஒழுங்கான கோவை இலக்கத்துடன் வந்தது. கிராம அலுவலர் நேரில் சென்று விசாரித்தாராம். திரு. நடராசா தை மாதம் தொடக்கம் அம்முகவரியில் நிரந்தரமாக வசித்து வருகிறார், பெயர் இடாப்பில் தொடரும். என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டதை அரசாங்கத்திடம் சொல்லியிருக்கிறான்.

மனைவி கடிதத்தை வாசித்துவிட்டு மடித்து என்னிடம் தந்தாள். இப்போது ஞாயிறு பின்னேரங்களில் இரண்டு கோப்பைகள்தான் எடுத்து வைக்கிறாள். நான் கச்சேரிப் பழக்கத்தில், கடிதத்தின் மேல் மூலையில் கிடைத்த திகதியைக் குறித்தேன்: மார்ச் 18, செவ்வாய்க்கிழமை.