ஒர்சினா அளவெடுத்த முதுகு

ப்ரெஷா நகரத்துக் கவசத் தெருவில் ஒர்சினாவைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் கொல்லர் சங்கத்தின் எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் அவள் பெயர் இருக்காது. பெண்களை அங்கே சேர்ப்பதில்லை. மேஸ்திரி பெர்த்ராமோவின் பட்டறையில், இரும்புக்கு அடியில் உடுத்தும் பஞ்சுச் சட்டைகளைத் தைப்பதும், தலைக்கவசத்துக்குள் மெத்தை வைப்பதும் அவள் வேலை.

அவள் புருஷன் சானினோ ஆற்றோரத்துச் சம்மட்டி ஆலையில் தகடு அடித்தவன். நாள் முழுக்க அந்த இடியைக் கேட்டுக் கேட்டு முப்பது வயதிலேயே காது போய்விட்டது. அவனோடு பேசிப் பேசி இவளுக்குக் குரல் தடித்துப்போனது. அவன் காய்ச்சலில் இறந்து ஆறு வருஷமாகியும் குரல் மட்டும் இறங்கவில்லை. மாதா கோவிலில் அவள் முணுமுணுக்கும் ஜெபம் வாசலில் நிற்பவர்களுக்கும் கேட்கும்.

ஒரு மாசி மாதம் கோவேறு கழுதை மேல் ஒரு மூட்டை வந்தது. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த பழைய பட்டுச் சட்டை ஒன்றும் ஒரு சீட்டும். வெனிஸ்காரர்களிடம் முப்பது குதிரை வீரர்களுக்குத் தலைவராக இருந்த கல்வானோ என்பவர் அனுப்பியது. ‘இந்தச் சட்டை அளவுக்கு முழுக் கவசம் வேண்டும். வசந்தம் பிறந்ததும் நானே வந்து போட்டுப் பார்க்கிறேன்’ என்று எழுதியிருந்தார். தொலைவில் இருப்பவர்கள் சட்டையை அனுப்பி அளவு கொடுப்பது வழக்கம்தான்.

பஞ்சு எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க ஒர்சினா தையலைப் பிரித்தாள். இடது தோளுக்குக் கீழே நாலு விரல் கனத்துக்குப் பஞ்சு. வலது பக்கம் வெறும் துணிதான். அதுவும் தோள்பட்டை எலும்பு படும் இடத்தில் உள்துணி தேய்ந்து கண்ணாடியாகியிருந்தது. பஞ்சை அடைத்திருந்த தையல் தையற்காரன் கை அல்ல. வீட்டில் யாரோ பொறுமையாக ஒளித்துத் தைத்தது.

சட்டையை எடுத்துக்கொண்டு உலைக்குப் போனாள்.

“மேஸ்திரி, இவருக்கு முதுகு கோணல். வலது பக்கம் கூன் மாதிரி தூக்கியிருக்கு, இடது பக்கம் குழி. பஞ்சு வச்சு நேராக்கியிருக்காங்க.”

“மெல்லப் பேசு. தெருவே கேக்குது.”

“மெல்லத்தான் பேசுறேன்.”

பெர்த்ராமோ சட்டையை ஒரு பார்வை பார்த்தார். “சீட்டுல என்ன எழுதியிருக்கு? இந்த அளவுக்கு வேணும்னுதானே? ஒரு படைத்தலைவர்கிட்டப் போய் ‘ஐயா, நீங்க கோணல்’னு நான் சொல்லணுமா? என் தலை என் கழுத்துலேயே இருக்கட்டும்.”

“இந்தச் சட்டைக்கு அளவு கொடுக்கும்போது மூச்சப் பிடிச்சு நிமிர்ந்து நின்னிருப்பார். குதிரை மேல அரை நாள் மூச்சப் பிடிக்க முடியுமா?”

“பஞ்சு உன் வேலை. இரும்பு என் வேலை.”

இடமும் வலமும் ஒன்றுபோலக் கவசம் தயாரானது. மெருகேற்றியபின் அதில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம்.

ஈஸ்டர் முடிந்த வாரம் கல்வானோ வந்தார். நாற்பது வயது, நரைத்த குறுந்தாடி, நேரான நடை. மார்புத்தகட்டையும் முதுகுத்தகட்டையும் மாட்டி வார்களை இறுக்கினார்கள். நாலு எட்டு நடந்தார்.

“ஊத்தி வச்ச மாதிரி இருக்கு ஐயா” என்றார் பெர்த்ராமோ.

சேணம் போட்ட மரக்குதிரை ஒன்று மூலையில் இருந்தது. அதில் ஏறச் சொன்னார்கள். ஏறினார். பாட்டு ஒன்று பாடி முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை, உதடு வெளுத்தது. இடுப்பில் நிற்க வேண்டிய பாரம் முழுதும் ஒரு பக்க எலும்பில் இறங்கியது. வலது விளிம்பு விலாவில் ஏறிக் குத்தியது. நெற்றியில் வியர்வை.

“நல்லாத்தான் இருக்கு. கட்டிக் குடுங்க” என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஒர்சினாவுக்குப் பொறுக்கவில்லை. வாரைத் தளர்த்துகிற சாக்கில் பக்கத்தில் போய், அவர் காதோரம் ரகசியமாகச் சொன்னாள். “ஐயா, உங்க சட்டையைப் பிரிச்சவ நான்தான். எனக்குத் தெரியும்.”

அவள் ரகசியம் கோடியில் இருந்த சம்மட்டிக்காரர்கள் வரைக்கும் போனது. சுத்தியல்கள் நின்றுவிட்டன. பெர்த்ராமோ கண்ணை மூடிக்கொண்டார்.

கல்வானோ யாரையும் பார்க்கவில்லை. “எல்லாரும் வெளியே போங்க” என்றார். பிறகு, “நீ இரு.”

கதவு சாத்தியதும் அவரே வார்களை அவிழ்த்தார். சட்டையையும் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

“எங்கம்மா போனப்புறம் இதை யாரும் பார்த்ததில்ல.”

“தெருவுல நேரா இருக்கிற உடம்பு ஒண்ணு காட்டுங்க பார்ப்போம்” என்றாள் அவள். “எங்க மேஸ்திரிக்குச் சுத்தியல் பிடிக்கிற தோள் ஒரு விரல் எறக்கம். ஐயா, நிமிராதீங்க. வீட்டுல தனியா இருக்கும்போது எப்படி உட்காருவீங்களோ, அப்படி உட்காருங்க.”

உட்கார்ந்தார். ஆனால் உடம்பு விடமாட்டேன் என்றது. இத்தனை வருஷம் பிடித்துவைத்த பிடி. அவள் அவசரப்படாமல் பழைய துணிகளைக் கிழித்து மாவுப்பசையில் நனைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அவர் தோள் சரிந்தது, இடுப்பு ஒருபுறம் சாய்ந்தது. நீண்ட மூச்சு ஒன்று வந்தது. அப்போதுதான் ஈரத்துணியை ஒவ்வொரு பட்டையாக முதுகில் ஒட்டினாள். காய்ந்ததும் ஓடு மாதிரி கழன்று வந்தது.

“இதே மாதிரி இரும்புல அடிச்சா எல்லாருக்கும் தெரிஞ்சுபோகுமே.”

“முன்பக்கம் நேராவே இருக்கும். முதுகைப் பார்க்கப் போறவன் யாரு? நீங்க ஓடினாத்தானே பார்ப்பான்?”

சொன்னபிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. கல்வானோ அவளை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். சட்டையில்லாமல், கோணிக்கொண்டு உட்கார்ந்தபடியே, இருமல் வரும்வரை சிரித்தார்.

பெர்த்ராமோதான் முரண்டு பிடித்தார். “இதுமேல என் முத்திரையக் குத்தணுமா? குடிச்சுட்டு அடிச்சான்னு சொல்வாங்க.” ஆனால் துணி ஓட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், மறுநாள் விடிந்ததும் உலையை மூட்டினார். வலப்பக்கம் குழித்து அடித்தார், இடப்பக்கம் தாழ்த்தினார், இடுப்பு விளிம்பைச் சாய்த்து வெட்டினார். ஒன்பது நாள். மூன்று தரம் தப்பாகி, நாலாவது தரம் அமைந்தது. முத்திரையை வழக்கமான இடத்திலேயே குத்தினார்.

மரக்குதிரையில் கல்வானோ மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தார். தினைக்கூழை அங்கேயே வாங்கிக் குடித்தார். இறங்கும்போது, “தூங்கியே போயிருப்பேன்” என்றார்.

அவர் யாரிடம் என்ன சொன்னாரோ, அந்தக் கோடையிலிருந்து வேறு மாதிரியான ஆட்கள் வரத் தொடங்கினார்கள். குடலிறக்கம் கண்டு வார் இறுக்க முடியாதவர், கழுத்தில் தீக்காயம் பட்டவர், கல்யாணத்துக்கு அப்புறம் தொப்பை போட்டவர். எல்லாரும் முதலில் கேட்பது “அந்தச் சத்தக்கார அம்மா இருக்காங்களா?” பெர்த்ராமோ அவளுக்கென்று சன்னலோரத்தில் ஓர் அறை ஒதுக்கிக் கனமான கதவும் போட்டுக் கொடுத்தார். “உன் வாய்க்கு இதுவும் பத்தாது” என்றார். அதன்பிறகு அவள் அளவெடுக்காமல் அவர் எந்தத் தகட்டையும் உலையில் வைத்ததில்லை.

கல்வானோ நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை வருவார். முதுகு மேலும் வளைந்துகொண்டே போனது. ஒவ்வொரு தரமும் விளிம்பைக் கொஞ்சம் அறுத்து, வாரை நகர்த்தி, பஞ்சை மாற்றினார்கள். கடைசியாக வந்தபோது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. கோலூன்றித்தான் வந்தார்.

“சண்டையெல்லாம் முடிஞ்சுது. தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். ஊர்வலத்துல முன்னாடி நான்தான் குதிரையில போகணுமாம். நடக்கிற குதிரைதான்.”

ஒர்சினா காலுக்கான தகடுகளையும் இடது தோள் தகட்டையும் கழற்றச் சொன்னாள். பாதி எடை குறைந்தது. பஞ்சுச் சட்டையை மட்டும் புதிதாகத் தைத்தாள். அவளுக்கும் கண் மங்கிவிட்டதால் விரலால் தடவியே அளவெடுத்தாள்.

“மூச்சு முட்டுதா ஐயா?” என்று கேட்டாள். அடுத்த வீட்டுக்காரி சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“இல்ல” என்றார் கல்வானோ. “கல்யாணத்துக்கு நீயும் வா. ஆனா கோவில்ல ஜெபம் மட்டும் பண்ணாதே.”

அவள் போனாள். ஜெபமும் பண்ணினாள்.