ஆடுநாற்காலியில் முடிந்த சம்பந்தம்

தஞ்சாவூர் ஓட்டல் வரவேற்பறையில் அழகுக்கு வைத்திருந்த மடக்கு ஆடுநாற்காலியின் வார்னிஷ் வாசனை, இப்போது கல்யாண மண்டபமாகிவிட்ட எங்கள் சீர்காழி ரைஸ்மில் வீட்டுக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. தவிட்டுத் தூசி படிந்த அந்தக் கூடத்திலும் இதே மாதிரி நாற்காலிதான். சாய்ந்ததும் கிறீச்சென்று பாதி மடிந்து ஆளைக் கவ்விக்கொள்ளும், யாராவது கைகொடுத்துத் தூக்கினால்தான் விடும். அத்தையைப் பெண் பார்க்க வந்து, "ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்" என்று நழுவப் பார்த்த மாப்பிள்ளையின் அப்பா, அதில் மாட்டிக்கொண்டு, தூக்கிவிடச் சொல்லக் கூச்சப்பட்டு, காபி, சாப்பாடு, மறுபடி காபி என்று ஆடிக்கொண்டே கிடந்து, சாயங்காலம் வேறு வழியில்லாமல் தட்டு மாற்றிக்கொண்டார்.

என்னோடு வந்திருந்த அத்தை நாற்காலியைப் பார்த்துவிட்டு மாமாவிடம் திரும்பினாள்.

"பக்கத்துலதானே நின்னீங்க, உங்கப்பாவுக்கு ஒரு கை குடுத்திருக்கலாம்ல?"

"குடுத்திருந்தா எழுந்து போயிருப்பாரே" என்றார் மாமா.