சமையல் மேடையின் உயரம்

கீழ்வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள். காலையிலிருந்து அந்த வாசனை மாடிப்படி ஏறி வந்து என் அறைக்குள் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. மற்றவர்களுக்கு அது பொங்கலின் வாசனையாக, கல்யாண வீட்டின் வாசனையாக இருக்கலாம். எனக்கு அது எதையோ மறைக்கிற வாசனை. மூக்கில் பட்டதும் விரல் தானாகச் சுவரைத் தேடிப் போகிறது, அழுத்திப் பார்க்கிறது. அடையாறில் நாங்கள் பார்த்த வீட்டில் தொற்றிய வியாதி.

அப்போது நான் சென்னைக்கு மாற்றலாகி வந்து எழும்பூரில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை மனைவி திருச்சியிலிருந்து வந்து இறங்கினாள். "வீடு பாக்க வர்றேன்" என்று போனில் சொல்லியிருந்தாள். வீடு பார்க்க. அவ்வளவுதான். குடிவருவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போனை வைத்த பிறகுதான் அது உறைத்தது. திரும்பக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பதில் தெரிந்துவிடுமோ என்று கேட்காமல் விட்ட கேள்விகள் எங்கள் வீட்டுப் பரண் நிறைய உண்டு.

தஞ்சாவூர், தர்மபுரி, கோவில்பட்டி, கடைசியாகத் திருச்சி என்று நான் மாறிய ஊருக்கெல்லாம் அவளும் மாறினாள். ஒவ்வோர் ஊரிலும் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தைப் பிடித்து, பிள்ளைகளின் பெயர் மனதில் பதிகிற நேரத்தில் விட்டுவிட்டு வந்தாள். எனக்கு ஊர் மாறுவது பிடிக்கும். ஓர் ஊரின் மழை பழகிவிட்டால் அடுத்த ஊரின் மழை வேண்டும். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று, சாமான்களை லாரியில் ஏற்றுகிற அவசரத்தில், கேட்டுக்கொள்ள வாய்க்கவில்லை. அந்த ஜூனில்தான் திருச்சியில் அவளைத் தலைமை ஆசிரியை ஆக்கியிருந்தார்கள். என் மாற்றல் உத்தரவு ஆகஸ்டில் வந்தது. "மெட்ராஸ்ல இல்லாத பள்ளிக்கூடமா" என்றேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்தாள்.

வருவாளா, மாட்டாளா? அவளிடம் கேட்க முடியாத அந்தச் சந்தேகம் கண்டதன் மேலெல்லாம் வழிந்தது. புரோக்கர் மேல், குழாய் மேல், சுவர் மேல்.

புரோக்கருக்கு என் வயதிருக்கும். அவர் ஸ்கூட்டரில் முன்னால், நாங்கள் ஆட்டோவில் பின்னால். அடையாறில், ஆற்றுக்கு ஒரு தெரு தள்ளி, தரைத்தளத்தில் ஒரு வீடு. கதவைத் திறந்ததும் பெயின்ட் வாசனை முகத்தில் அறைந்தது. வெளிர் பச்சை. இடுப்பு உயரம் வரைக்கும் பளபளவென்று புதுசு. அதற்கு மேலே அதே பச்சை, வெயிலில் காய்ந்த பழசு. சுவரில் பாதியோடு எவனாவது பெயின்டை நிறுத்துவானா? அழுத்தினேன். விரல் பதிந்தது.

"இன்னா சார், சொவத்தையே தடவிக்கினு கீறீங்க? பொண்ணு பாக்க வந்தா மூஞ்சிய பாக்கணும் சார்."

"வெள்ளம் வந்துச்சா இங்க?"

"வெள்ளமா? யாரு ஊட்டுக்கு சார் வரல? வேளச்சேரில போய்க் கேளுங்க, மொட்ட மாடியில குந்திக்கினு இருந்தாங்கோ. இங்க இன்னா, முட்டி வரிக்கும் வந்துச்சு, போயிடுச்சு." குனிந்து தன் முட்டியைத் தொட்டுக் காட்டினார். பெயின்ட் என் இடுப்பில் நின்றுகொண்டிருந்தது.

"ஏங்க, இங்க வாங்க." சமையலறையிலிருந்து மனைவியின் குரல். போனேன். "மேடைகிட்ட நில்லுங்க. காய் நறுக்குற மாதிரி கைய வைங்க."

வைத்தேன். அவள் பின்னால் போய்ப் பார்த்தாள், பக்கவாட்டில் வந்து பார்த்தாள், தையற்காரர் அளவெடுப்பதுபோல் என் முழங்கையைப் பார்த்தாள். "குனியுறீங்க. முதுகு போயிடும். இது வேணாம்."

நான் சுவருக்காக வேண்டாம் என்றேன், அவள் மேடைக்காக வேண்டாம் என்றாள். ஆட்டோவில் திரும்பும்போதுதான் ஒன்று இடித்தது. அவள் என் தோள் உயரம்கூட இல்லை. எந்த ஊரிலும் மேடை எட்டாமல், கீழே ஒரு மரமணையைப் போட்டு அதில் ஏறி நின்று சமைத்தவள். அந்த மணை எங்களோடு லாரி லாரியாக ஏறி இறங்கி, கால் பட்டுப் பட்டு நடுவில் வழுவழுத்துப்போயிருந்தது. அடையாற்று மேடை அவளுக்கு மணையே வேண்டாத உயரம். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தனக்கு அளவான மேடை ஒன்று கிடைத்தும் ஏன் வேண்டாம் என்கிறாள்?

கேட்கவில்லை. பரணில் அதையும் ஏற்றினேன்.

மறுநாள் தியாகராய நகர். விடிந்ததும் விடியாததுமாக வரச் சொன்னார் புரோக்கர். ஏன் அவ்வளவு சீக்கிரம் என்பதே எனக்கு உறுத்தல். மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் ஒரு சந்துக்குள் மூன்றாவது மாடி. ஒரு காக்கா தொண்டையைச் செருமுவதுகூடக் கேட்கிற அமைதி. "ஊட்டி மாதிரி கீது பாருங்க சார்" என்றார். ஜன்னலைத் திறந்தேன். எதிரே ஒரு துணிக்கடையின் முதுகு. அதன் அடியில் ஆளுயர ஜெனரேட்டர் ஒன்று, அடக்கமாக, கல்யாணத்துக்கு வந்த பணக்கார மாமா மாதிரி உட்கார்ந்திருந்தது.

"கடை திறக்குற வரைக்கும் இருந்து பாக்குறோம்" என்றேன்.

"எதுக்கு சார்? எனக்கு வேற பார்ட்டி வெயிட் பண்ணிக்கினு கீது."

"சாவியக் குடுத்துட்டு நீங்க போங்க."

சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும் அளவுக்கு அவருக்கு என் மேல் நம்பிக்கை இல்லை. மூன்று பேரும் வெறும் தரையில் உட்கார்ந்தோம். பேச்சுக்கு ஆள் கிடைத்ததும் மனைவி அவரிடம் விசாரிக்க ஆரம்பித்தாள்.

"வீட்டுச் சாப்பாடு மாதிரி மெஸ் ஏதாவது பக்கத்துல இருக்காண்ணே?"

"நடந்து போற தூரத்துலயே கீதுக்கா. காரம் மட்டும் கொஞ்சம் தூக்கலா இருக்கும்."

"காரம் ஆகாதே. அயர்ன் பண்றவர் வீட்டுக்கே வந்து துணி வாங்கிப்பாரா?"

"வருவாரு. நீங்க மேலேர்ந்து ஒரு குரல் குடுத்தா போதும்."

காரம் ஆகாதது எனக்கு. அவள் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு தயிர்சாதம் சாப்பிடுகிறவள். என் காது விறைத்தது. எந்த ஊரில் வீடு பார்த்தாலும், சாமி படம் எந்தப் பக்கம் மாட்டலாம் என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. அப்புறம் அலமாரியைத் திறந்து, புடவை அடுக்க இடம் காணுமா என்று கையை விட்டுப் பார்ப்பாள். இந்த இரண்டு நாளில் அவள் ஒரு அலமாரிக் கதவையும் தொடவில்லை. சாமிக்கும் புடவைக்கும் இடம் பார்க்காமல் ஒருத்தி யாருக்காக வீடு பார்க்கிறாள்?

கடை திறந்தது. ஷட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறின. பிறகு ஜெனரேட்டர் வாயைத் திறந்தது. தரை அதிர்ந்து உள்ளங்கையில் ஏறியது. புரோக்கர் கைகளை ஆட்டி ஏதோ விளக்கினார். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. மனைவி சிரித்தேவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியாக மயிலாப்பூர், குளத்துக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டின் மாடி. கீழே வீட்டுக்கார மாமி மட்டும் இருந்தார். "மாமி நெறைய கேள்வி கேப்பாங்கோ சார். நீங்க எதுத்துக் கேக்காதீங்க, பேஜாராயிடும்" என்று வாசலிலேயே எச்சரித்தார் புரோக்கர்.

அந்த வீட்டில் பெயின்ட் வாசனை இல்லை. சுவரில் பழைய ஆணிகளின் ஓட்டைகள், காலண்டர் தொங்கிய இடத்தில் வெளிறிய சதுரம், ஒரு மூலையில் ஒழுகிக் காய்ந்த கறை. எல்லாம் வெளிப்படையாக இருந்தது. அதுவே எனக்கு ஒப்பவில்லை. குழாயைத் திறந்தேன், ஃபேனைப் போட்டேன், தாழ்ப்பாளை ஆட்டினேன். மாமி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

"போலீஸ்லயா உத்தியோகம்?"

"இல்லீங்க மாமி. இவர் எப்பவுமே இப்படித்தான்" என்ற மனைவி, சமையலறைக்குள் போய்விட்டுக் கூப்பிட்டாள். "ஏங்க, வந்து நில்லுங்க."

பழைய மேடையின் மேலேயே புதுக் கல் பதித்து உயர்த்தியிருந்தார்கள். நின்றேன். கையை வைத்தேன். முதுகு தானாக நேராக நின்றது. அவள் முகம் தெளிந்தது. பல மாதமாக நான் பார்க்காத தெளிவு. "இதான். இந்த வீடுதான்" என்றாள். சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். மேடை அவள் நெஞ்சுக்கு வந்தது.

"உனக்கு எட்டாதே."

"எட்டாது" என்றாள்.

வாசற்படியிலிருந்து மாமி கேட்டார். "ஆத்துல எத்தனை பேர்?"

"ரெண்டு பேர்" என்றேன் நான். "ஒருத்தர்" என்றாள் அவள். இரண்டும் ஒன்றாகவே வெளியே வந்தன.

"என்ன இது, ஆளுக்கு ஒண்ணு சொல்றேள்? ஃபேமிலிக்குத்தான்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிண்டிருக்கேன். தனி ஆம்பளைக்கெல்லாம் விடறதில்லை."

"தனி ஆள் இல்ல மாமி. எனக்குத் திருச்சில ஸ்கூல் இருக்கு. ஹெட்மிஸ்ட்ரஸா இருக்கேன்." அந்த வார்த்தையை அவள் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்.

மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். இரண்டு நாளாக நான் சுவர்களைப் பார்த்த அதே பார்வை. அழுத்தினால் விரல் பதியுமா என்கிற பார்வை. "சண்டையா?"

புரோக்கர் உத்தரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"இதுவரைக்கும் இல்ல மாமி" என்றாள் மனைவி.

"சரி. பால் காய்ச்சறச்சே நீயும் வந்து நிக்கணும். மாசம் ஒரு தரமாவது உன் தலை தெரியணும். இல்லேன்னா இவர் யாரு, எவருன்னு தெருவே என்னைத்தான் கேக்கும்."

"வர்றேன் மாமி."

படி இறங்கும்போது சொன்னேன். "என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"நீங்க கேட்டிருக்கலாம்." இன்னும் இரண்டு படி இறங்கிவிட்டு, திரும்பாமலே சொன்னாள். "எத்தனை ஊர்ல எத்தனை மேடைகிட்ட நான் நின்னு பாத்திருக்கேன். இந்தத் தடவை நீங்க நில்லுங்க. நான் என்ன ஓடியா போறேன்? இருந்த இடத்துல இருக்கேன்."

எழும்பூருக்கு ஆட்டோ பிடித்தோம். அவள் சொன்னதையும் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் மட்டும்தானா? அதன் பின்னால், என் இடுப்பு உயரத்துக்கு, பல வருஷத்து ஈரம் ஏதாவது பூசி மறைத்து இருக்கிறதா? என்னை மாதிரி ஆளோடு ஊர் ஊராக அலைந்தவளுக்கு இல்லாமல் இருக்குமா? அவள் ஆட்டோவுக்கு வெளியே, சாயங்காலக் கடைவீதியை, சுற்றுலா வந்தவள் மாதிரி வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். இந்த ஊரில் தனக்கு வேலை இல்லை என்று தீர்மானித்துவிட்டவர்களால்தான் அப்படிப் பார்க்க முடியும். அதையும் சந்தேகப்பட்டேன்.

ரயில் நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். கேஸ் மூடுவது, பால் பாக்கெட் வாங்குவது, பருப்புக்கு எத்தனை விசில் என்று எல்லாம் சொல்லி முடித்தாள். தலையாட்டினேன். சிக்னல் விழுந்தது. வருவாளா மாட்டாளா என்று இரண்டு நாளாகச் சுமந்த கேள்வியை அப்போதும் அதன் சொந்த உருவத்தில் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பால் காய்ச்ச வரும்போது மணையக் கொண்டு வர்றியா?" என்றேன்.

வண்டி நகர்ந்தது. நானும் கூடவே நடந்தேன். அவள் மடியிலிருந்த பையைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். பிறகு ஜன்னல் கம்பிக்கு முகத்தைக் கொண்டு வந்து சொன்னாள்:

"அது எனக்கு அங்க வேணும். இங்க வேற ஒண்ணு வாங்கிப் போடுங்க. வந்தா நான் எதுல ஏறி நிக்கிறது?"